இடது கால் மட்டும்

காலைப் பார்த்தால் சைஸ் சொல்லிவிடுவேன். பெருமைக்குச் சொல்லவில்லை, முப்பத்தோரு வருடத் தொழில் அது. வாசலில் வண்டியை நிறுத்திவிட்டு இறங்குகிற காலைக் கல்லாவில் இருந்தபடியே பார்த்து, "எட்டு, அகலம் கூட" என்பேன். அளந்து பார்த்தால் எட்டுதான் இருக்கும், அகலமும் கூடத்தான் இருக்கும். பாளையங்கோட்டை மார்க்கெட் பக்கம் வந்து தங்கப்பழம் செருப்புக்கடை எது என்று கேட்டால், வழி சொல்வதற்கு முன்னால் இந்த வித்தையைத்தான் சொல்வார்கள். அப்படிப்பட்டவனுக்கு 2041-இல் 'கைகாட்டி' வந்தபோது எப்படி இருந்திருக்கும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

நாட்டில் விற்கிற ஒவ்வொரு செருப்பிலும் ஷூவிலும் ஒரு கியூஆர் கோடு இருந்தாக வேண்டும் என்று அந்த வருடம் உத்தரவு போட்டார்கள். கடையில் நாங்கள் அதைக் கட்டம் என்போம். முன்பெல்லாம் நாம்தான் போனைக் காட்டி அதைப் படிக்க வேண்டும். இந்தப் புதுக் கட்டம் நகத்தளவுதான், ஆனால் தானாகவே பேசும். கடைகளிலும் ஆஸ்பத்திரிகளிலும் பாத மேடை என்று ஒரு கண்ணாடிப் பலகை வைத்தார்கள். அதில் ஒரு தரம் ஏறி நின்றால் உங்கள் காலின் அளவு, வளைவு, வீக்கம் எல்லாம் கைகாட்டி என்கிற அரசுக் கணினியில் பதிந்துவிடும். அதற்கப்புறம் எந்த ஊர்க் கடையில் உங்கள் காலுக்குப் பொருத்தமானது வந்தாலும், அதிலிருக்கும் கட்டம் உங்கள் போனுக்குச் சேதி அனுப்பும். ஆள் செருப்பைத் தேடி அலைந்தது போய், செருப்பு ஆளைத் தேட ஆரம்பித்தது.

"அப்ப நான் எதுக்கு இங்கன உக்காந்திருக்கேன்?" என்று எஸ்தரிடம் கேட்டேன்.

"சும்மா பராக்குப் பாக்கத்தான்" என்றாள்.

எஸ்தர் என் கடையில் ஒன்பது வருடமாக விற்பனைக்கு நிற்கிறவள். நிற்கிறவள் என்று ஒரு பேச்சுக்குச் சொன்னேன். பாதி நேரம் குட்டை முக்காலியில் உட்கார்ந்து வாடிக்கையாளர் காலில் ஷூவை மாட்டிக்கொண்டிருப்பாள். வயதானவர்கள், "ஐயோ, நீ தொடாத தாயி" என்று காலை இழுத்துக்கொள்வார்கள். "கால் எல்லாருக்கும் ஒண்ணுதான்" என்று சிரித்துக்கொண்டே பிடித்து மாட்டிவிடுவாள். அதற்கு மேல் யாரும் காலை இழுத்ததில்லை.

கட்டம் ஒட்டுகிற வேலையை அவளிடம்தான் கொடுத்தேன். ஜோடிக்கு இரண்டு ஒட்ட வேண்டும் என்பது விதி. எங்கள் தொழிலில் ஒரு பழக்கம் உண்டு. அலமாரியில் ஒற்றைக் காலைத்தான் வைப்போம், மற்றது பரணில் பெட்டிக்குள் கிடக்கும். ஒற்றைச் செருப்பை எந்தத் திருடனும் தூக்கிக்கொண்டு ஓடமாட்டான் அல்லவா? என் கடையில் இடது காலை வெளியே வைப்போம்.

"ஒத்தக் காலுக்கு ஒட்டுனா போதும். மத்ததுதான் பரண்ல கெடக்கே" என்றேன். இரட்டை வேலை எதற்கு என்கிற சோம்பல்தான்.

எஸ்தர் ஒரு நிமிடம் என்னைப் பார்த்தாள். "நெசமாவா அண்ணாச்சி?"

"நான் சொல்லுதேன்லா. ஒட்டு."

நானூற்றுப் பன்னிரண்டு இடது கால்களில் ஒட்டினாள். கைகாட்டி என்ன நினைத்துக்கொண்டது என்றால், இந்தக் கடையில் நானூற்றுப் பன்னிரண்டு இடது ஷூ இருக்கிறது, வலது ஒன்றுகூட இல்லை என்று. நான்காம் நாள் அதில் எங்கள் கடையின் பெயருக்குக் கீழே ஒரு வரி வந்திருந்தது: 'இடது கால் மட்டும்.' எதிர்க்கடைக்காரன் அதைப் பார்த்துவிட்டு, "அண்ணாச்சி, மீதிப் பாதிக் கடைய எப்பத் தொறக்கீங்க?" என்று தெரு முழுக்கக் கேட்கிற மாதிரி விசாரித்தான்.

ஒரு வாரம் கழித்து கோவில்பட்டியிலிருந்து ஒரு டீச்சர் வந்தாள். பெயர் சண்முகக்கனி, முப்பத்தைந்து வயது இருக்கும். இரண்டு கக்கத்திலும் கட்டைகள். புடவைக்குக் கீழே இடது கால் மட்டும் தெரிந்தது. அது ஏழு.

"பழுப்பு கட்ஷூ, இடது ஏழு. உங்க கடையில இருந்து சேதி வந்துச்சு" என்றாள். "நெசமாவே ஒண்ணு மட்டும் தருவீங்களா?"

நான் வாயைத் திறப்பதற்குள் எஸ்தர், "தருவோம் டீச்சர், உக்காருங்க" என்று முக்காலியை இழுத்துப் போட்டுவிட்டாள்.

மாட்டிக்கொண்டு கடைக்குள்ளேயே இரண்டு சுற்று சுற்றி வந்தாள் அந்த டீச்சர். "பதினோரு வருசமா ரெண்டு வாங்கி ஒண்ணத் தூரப் போடுதேன் அக்கா. புது ஷூவக் குப்பையில போடும்போது எப்படி இருக்கும் தெரியுமா? அந்தக் காலு போனதே மறுபடி ஞாபகம் வரும்" என்றாள். போகும்போது வாசலில் நின்று திரும்பினாள். "அந்த வலதை யாராவது வாங்கினா எனக்குச் சொல்லுங்க. பேரெல்லாம் வேண்டாம். போட்டிருக்காங்கன்னு தெரிஞ்சா போதும்."

அவள் போனதும் எஸ்தரைப் பிடித்துக் கத்தினேன். மீதி வலதை நான் தலையிலா மாட்டிக்கொள்வது?

"அதுக்கும் ஒரு கால் எங்கயாச்சும் இருக்கும் அண்ணாச்சி. கட்டம் ஒட்டுனா அதுவே தேடிக்கிடும்" என்றாள். பரணில் ஏறி உட்கார்ந்து இரண்டே நாளில் எல்லா வலதுக்கும் ஒட்டி முடித்தாள். என் வாயை அடைக்க இதைவிட நல்ல வழி இல்லை என்று அவளுக்குத் தெரியும்.

உண்மையைச் சொல்ல வேண்டும். அடுத்த இரண்டு வாரம் நான் பார்த்ததை முப்பத்தோரு வருடத்தில் பார்த்ததில்லை. முன்பெல்லாம் பரண் ஓட்டையைப் பார்த்து, "ஏழு, பழுப்பு" என்று தொண்டை வற்றக் கத்துவோம். இப்போது ஆள் பாத மேடையில் ஏறி நின்றால் பொருத்தமான ஷூவின் கட்டம் பச்சையாக மினுங்குகிறது. தென்காசியில் இடது கால் இல்லாத ஒரு வாத்தியக்காரரும் விருதுநகரில் வலது கால் இல்லாத ஒரு வக்கீலும் முகம் தெரியாமலே ஒரே ஜோடியைப் பங்கு போட்டுக்கொண்டார்கள். வக்கீலுக்குக் கறுப்பு வேண்டும், வாத்தியக்காரருக்கு அரக்கு. எஸ்தர் நடுவில் நின்று பஞ்சாயத்துப் பேசி, கடைசியில் இருவரும் அடர்ந்த பழுப்புக்கு ஒத்துக்கொண்டார்கள். கல்யாணத் தரகர் தோற்றார் போங்கள்.

அப்போதுதான் சென்னையிலிருந்து கைகாட்டி அதிகாரி ஒரு அம்மா திரையில் வந்தார். கண்டிப்பான முகம், கனிவான குரல்.

"உங்க கடையில தப்புப் பதிவு இருக்கு சார். ஜோடியைத் தனித்தனியா பதிஞ்சிருக்கீங்க."

"ஜோடியா மாத்திருதோம்மா" என்றேன். அதிகாரி என்றால் எனக்கு இன்றைக்கும் கொஞ்சம் உதறும்.

"தனியாவே விக்க வழி இல்லீங்களா மேடம்?" என்று எஸ்தர் நடுவில் புகுந்தாள்.

அந்த அம்மா யோசித்தார். "இருக்கு. ஆனா ஒரு கால் வித்தா அதோட மறு கால் வீணாப் போகக் கூடாது. இதுவரைக்கும் இருபத்திமூணு இடது வித்திருக்கீங்க. இருபத்திமூணு வலதும் அறுபது நாளுக்குள்ள சரியான காலுக்குப் போய்ச் சேரட்டும், உங்க கடைக்குத் தனிக்கால் அனுமதி தர்றேன். ஒண்ணு மிஞ்சினாலும் எல்லாத்தையும் ஜோடியா இணைச்சிடுவோம். அப்புறம் பிரிக்க முடியாது. சும்மா யார் பேர்லயாவது எழுதிடலாம்னு நினைக்காதீங்க. பொருத்தமான கால் போட்டு மூணு அடி நடந்தாத்தான் கட்டம் விற்பனையை ஒத்துக்கும்."

திரை அணைந்ததும் எஸ்தர் விரல் விட்டு எண்ணினாள். வலது பக்கம் ஒன்பது போயிருந்தது, இன்னும் பதினான்கு. "கட்டம் கூப்பிட்டுக்கிட்டே இருக்கு. வந்துருவாங்க" என்றாள். அவள் குரலில் இருந்த ஆசையைப் பார்த்து, அடுத்தவர் காலுக்கு இவள் ஏன் இப்படி அடித்துக்கொள்கிறாள் என்று நினைத்தேன். நினைத்ததோடு சரி, கேட்கவில்லை.

இருபதாம் நாள் காலையில் ஒரு ஆட்டோ வந்து நின்றது. சக்கர நாற்காலியில் ஒரு ஆள், பின்னால் அவர் மனைவி. வலது கால் முழங்காலுக்குக் கீழே இல்லை, கட்டு இன்னும் புதிதாக இருந்தது. இடது ஒன்பது.

"யாருவே இங்க முதலாளி?"

அவர் பெயர் அந்தோணிமுத்து. தனியார் பஸ்ஸில் பதினெட்டு வருடம் டிரைவர். லாரி ஒன்று மோதிவிட்டது. காலைக் காப்பாற்றிவிடலாம் என்று சொல்லித்தான் ஆபரேஷனுக்கு உள்ளே கொண்டு போயிருக்கிறார்கள், முடியவில்லை.

"மயக்கம் தெளிஞ்சு கண்ணு முழிக்கேன். இவ பக்கத்துல உக்காந்தவாக்குல தூங்குதா. மணி பாக்க போன எடுத்தா, உங்க கடைச் சேதி. 'உங்கள் இடது காலுக்கு ஏற்ற ஷூ தயார்.' இது என்னடா, இடது மட்டும் சொல்லுதான்னு நெனச்சேன்." அவர் என்னை நேராகப் பார்த்தார். "பெறகு போர்வையத் தூக்கிப் பாத்தேன்."

ஆபரேஷன் முடிந்த கையோடு ஆஸ்பத்திரியில் பாத வரைபடத்தைத் திருத்தியிருக்கிறார்கள். திருத்திய நிமிடமே என் அலமாரியிலிருந்த ஒன்பதாம் நம்பர் அவரைக் கூப்பிட்டுவிட்டது. டாக்டர் சொல்வதற்கு முன்னால், மனைவி சொல்வதற்கு முன்னால், ஒரு செருப்புக்கடை அவரிடம் சொல்லிவிட்டது. எனக்கு உடம்பெல்லாம் கூசியது.

நான் மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். எஸ்தர் கையைக் காட்டி என்னை அமர்த்திவிட்டு, முக்காலியைத் தூக்கிக்கொண்டு போய் அவர் எதிரில் உட்கார்ந்தாள்.

"அண்ணே, அந்தச் சேதி எப்ப வந்திருந்தா சரியா இருந்திருக்கும்?"

சண்டைக்கென்று வந்தவருக்கு இந்தக் கேள்வி புதிதாக இருந்தது. குனிந்து தன் மடியைப் பார்த்தார்.

"நான் கேக்கும்போது" என்றார்.

எஸ்தர் எழுந்து நேராகக் கணினிக்கு வந்தாள். எங்கள் கடைக் கட்டங்கள் அனுப்புகிற அழைப்பு முழுவதையும் நிறுத்தினாள். இடதும் வலதுமாக எழுநூற்றுச் சொச்சம் ஷூக்களும் ஒரே நேரத்தில் வாயை மூடிக்கொண்டன. "இனிமே எங்க ஷூ யாரையும் கூப்பிடாதுண்ணே. காத்திருக்கும். அவங்களா வந்து கட்டத்தப் பாத்தாத்தான் பேசும்" என்றாள்.

அந்தோணிமுத்து ஒன்றும் வாங்காமல் போனார். ஆட்டோ கிளம்பியதும் நான் பிடித்துக்கொண்டேன்.

"நாப்பது நாளுதான் இருக்கு. கூப்பிடாம எவன் வருவான்? நீதான அனுமதி வேணும்னு ஒத்தக் கால்ல நின்ன?"

"வேணும்தான் அண்ணாச்சி. ஆனா சேவைன்னா கடைக்குள்ள வாரவங்களுக்குச் செய்யணும். கட்டில்ல கெடக்கவங்க போர்வையத் தூக்குறது சேவையா?"

அவளுக்கு இந்த அனுமதி எவ்வளவு முக்கியம் என்று அவள் முகத்திலேயே தெரிந்தது, அதையே கையில் எடுத்துத் தள்ளி வைத்துவிட்டாள். எனக்கு அந்தத் தைரியம் வராது. வராது என்று அன்றைக்கு அவளிடம் சொல்லவும் இல்லை.

பதினாறு நாள் ஒருவரும் வரவில்லை. பதினேழாம் நாள் அந்தோணிமுத்து வந்தார், இந்தத் தடவை கட்டை ஊன்றிக்கொண்டு.

"இடது ஒம்போது. இப்ப நானா கேக்கேன்" என்றார்.

எஸ்தர் மாட்டிவிட்டாள். மூன்று அடி நடந்ததும் கட்டம் ஒரு தரம் மினுங்கி அடங்கியது. அவர் போகாமல் நின்றார். "எம்மா, இந்தக் கட்டத்த ஒரு அட்டையில அடிச்சுத் தாயேன். கட்டுக் கட்டுத எடத்துல எங்கள மாதிரி நெறையப் பேரு வாராங்க. செவுத்துல ஒட்டி வைக்கேன். மனசு வந்தா பாக்கட்டும், இல்லன்னா விடட்டும்."

எஸ்தர் நூறு அட்டை அடித்துக் கொடுத்தாள். நடுவில் கட்டம், அதன் கீழே இரண்டே வார்த்தை: 'உங்களுக்குத் தோன்றும்போது.' அந்தோணிமுத்து அதைச் செயற்கைக் கால் பொருத்துகிற கூடத்தில் ஒட்டினார். டிரைவர்கள் டீ குடிக்கிற கடைகளில் ஒட்டினார். பஸ் ஓட்டத்தான் முடியவில்லையே தவிர, எல்லாப் பஸ்ஸிலும் ஏறிப் போக அவருக்கு முடிந்தது. ராஜபாளையத்திலிருந்து ஒருவர் வந்தார். திருச்செந்தூரிலிருந்து அக்கா தங்கையாக இரண்டு பேர் வந்தார்கள், ஒருத்திக்கு மட்டும்தான் வாங்க வேண்டியிருந்தது, துணைக்கு வந்தவள் வெளியே நின்று அழுதாள். வந்தவர்கள் யாரும் இரக்கத்தைத் தேடி வரவில்லை. நிறத்துக்கும் குதிகால் உயரத்துக்கும் மற்ற வாடிக்கையாளர்களைப் போலவே எங்களைப் பாடாய்ப் படுத்தினார்கள். அது எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது.

அறுபதாம் நாள் வந்தது. இருபத்திரண்டு வலது போய்விட்டது. மிஞ்சியது ஒன்றே ஒன்று: பழுப்பு கட்ஷூ, வலது ஏழு. சண்முகக்கனி டீச்சர் வாங்கிப் போனதன் மறு கால். சாயங்காலம் நான்கு மணிக்கு அதிகாரி வருவதாக இருந்தது. மூன்றரை வரை நான் வாசலிலேயே நின்று போகிற வருகிற காலையெல்லாம் பார்த்தேன். ஏழு நிறையப் போயிற்று, எல்லாம் இரண்டு இரண்டாகப் போயிற்று.

வேறு வழியில்லாமல் கல்லாவுக்குப் பின்னால் உட்கார்ந்து அந்தக் கட்ஷூவுக்குள் என் ஒன்பதாம் நம்பர் காலைத் திணித்தேன். குதிகால் வெளியே தொங்க மூன்று அடி நடந்தேன். கட்டம் சிவப்பாக எரிந்தது. நிமிர்ந்து பார்த்தால், திரையில் அதிகாரி அம்மா சிரிப்பை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். பத்து நிமிடம் முன்னாலேயே வந்துவிட்டார் போல.

"ரொம்ப முயற்சி பண்ணியிருக்கீங்க சார். எனக்கும் வருத்தம்தான்" என்றார். "இந்தப் பதிவை மூடுறதுக்கு முன்னாடி ஒரு சந்தேகம் கேக்கலாமா? பதியும்போது ஒவ்வொரு ஷூவுக்கும் திரையில ஒரு கேள்வி வரும், ஜோடியா, தனியான்னு. ஒரு கட்டம்தான் ஒட்டியிருந்தாலும், ஜோடின்னு அழுத்தியிருந்தா எல்லாம் சாதாரணமாப் பதிஞ்சிருக்கும். உங்க கடையில முதல்ல பதிஞ்ச நானூத்திப் பன்னிரண்டு இடதுக்கும் தனின்னு அழுத்தியிருக்காங்க. ஒரு தடவைன்னா கை தவறிச்சுன்னு சொல்லலாம்."

அப்படி ஒரு கேள்வி வரும் என்பதே எனக்குத் தெரியாது. நான் ஒட்டச் சொன்னேன், அவ்வளவுதான். திரும்பி எஸ்தரைப் பார்த்தேன்.

அவள் அலமாரியைப் பிடித்துக்கொண்டு தலையைக் குனிந்து நின்றிருந்தாள். அவள் எங்கே பார்க்கிறாள் என்று நானும் பார்த்தேன். எங்கள் கடையில் வேலை பார்க்கிற யாரும் செருப்போடு உள்ளே வரக் கூடாது, பின்வாசலில் கழற்றிவிட்டு வெறுங்காலோடுதான் நிற்க வேண்டும். அது என் சட்டம். புடவைக் கரைக்குக் கீழே அவளுடைய இரண்டு பாதமும் சிமெண்டுத் தரையில் இருந்தன.

என் வித்தை தானாக வேலை செய்தது. வலது ஏழு. இடது ஐந்து.

"ஒம்பது வருசமாவா?" என்றேன்.

"பொறந்ததுல இருந்து அண்ணாச்சி."

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?"

அவள் கோபப்படவில்லை. "நான் சேந்த மொத வாரம் ஒரு பெரியவரு வந்து ஒத்தக் காலு கேட்டாரு. நீங்க அவருகிட்ட என்ன சொன்னீங்கன்னு ஞாபகம் இருக்கா?"

எனக்கு ஞாபகம் இல்லை. அவளும் சொல்லவில்லை. அவள் நடை ஒரு பக்கமாகச் சாயும், வேலை அலுப்பு என்று நினைத்திருக்கிறேன். பின்வாசலில் ஒரு ரப்பர் செருப்புக்குள் எப்போதும் துணி சுருட்டி வைத்திருக்கும், மழைக்கு என்று நினைத்திருக்கிறேன். ஊரில் உள்ள காலையெல்லாம் பார்த்துப் பெயர் வாங்கியவன், வாங்க வந்த காலைத் தவிர வேறெதையும் பார்த்ததில்லை.

"மேடையில ஏறு" என்றேன்.

அவள் மேடைக்குப் பக்கத்துச் சுவரைக் காட்டினாள். 'பணியாளர்கள் ஏறக் கூடாது' என்று என் கையெழுத்திலேயே ஒரு தாள். கண்ணாடி அழுக்காகும் என்று முதல் நாளே நான் ஒட்டியது. அதனால்தான் ஊர்க் காலையெல்லாம் அறிந்த கைகாட்டிக்கு இந்த இரண்டு கால் மட்டும் தெரியாமலே இருந்திருக்கிறது. தாளைக் கிழித்துக் கசக்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன்.

எஸ்தர் ஏறி நின்றாள். அலமாரியில் ஒரு பச்சை மினுங்கியது. மேசை மேல் நான் கழற்றிப் போட்டிருந்த கட்ஷூவில் இன்னொரு பச்சை மினுங்கியது.

முக்காலியில் அவளுக்கு முன்னால் நான் உட்கார்ந்தேன். உட்கார்ந்து எத்தனை வருடம் ஆயிற்று என்று என் முட்டியே சொன்னது. "ஐயோ அண்ணாச்சி, நீங்க தொடாதீங்க" என்று காலை இழுத்துக்கொண்டாள்.

"கால் எல்லாருக்கும் ஒண்ணுதான்" என்றேன். என் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, அதை மறைக்கவும் இல்லை.

அதே பழுப்பு கட்ஷூவின் இடது ஐந்து அலமாரி வெயிலில் கொஞ்சம் வெளுத்திருந்தது. வலது ஏழு பரணில் இருந்து வந்தது, நிறம் அப்படியே இருந்தது. ஒரே மாதிரி வேறு எடுத்துத் தரவா என்று கேட்டேன். இதுவே இருக்கட்டும் என்றாள். ஒன்று, இரண்டு, மூன்று என்று அவள் நடந்தாள். சாய்வில்லாமல் நடந்தாள். நான்காவது அடியும் வைத்தாள், பிறகு எண்ணுவதை நான் விட்டுவிட்டேன்.

"பதிஞ்சாச்சு சார்" என்றார் அதிகாரி அம்மா. அவரும் மூக்கைத் துடைத்துக்கொண்டிருந்தார். "தனிக்கால் அனுமதி நாளைக்கே வந்துடும்."

அன்றே கோவில்பட்டிக்குச் சேதி போயிற்று, அந்த வலது கட்ஷூவை ஒருவர் போட்டிருக்கிறார் என்று. பெயர் சொல்ல வேண்டாம் என்று டீச்சரே சொல்லியிருந்ததால் எஸ்தர் சொல்லவில்லை. அடுத்த மாதம் டீச்சர் வந்தபோது, எஸ்தர் முக்காலியில் உட்கார்ந்திருக்க, மூன்று பழுப்பு கட்ஷூக்கள் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. டீச்சர் குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு எஸ்தரின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

இப்போது என் கடையில் வேலை பார்க்கிறவர்கள் எல்லோரும் ஷூ போட்டுக்கொண்டுதான் நிற்கிறார்கள். அந்தப் பழுப்பு கட்ஷூவில் வலது ஐந்து மட்டும் மிஞ்சியிருக்கிறது. அதற்குக் கட்டத்தை நானே ஒட்டி, 'தனி' என்று நானே அழுத்தி, கல்லாவுக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறேன். அது யாரையும் கூப்பிடாது. உரியவருக்குத் தோன்றும்போது வரட்டும்.